சட்டக்கல்லூரியில சுற்றுச்சூழல் சட்டக் குழு ஆரம்பிச்சா, மரம் நடுறதத் தாண்டி என்ன பண்ண முடியும்?

கேள்வி இதான்: தமிழ்நாட்டுல சட்டம் படிக்கிற ரெண்டாம் வருஷ மாணவர் ஒருத்தர், காலேஜ்ல சுற்றுச்சூழல் சட்டத்துக்குன்னு ஒரு ஸ்டூடன்ட் குரூப் ஆரம்பிக்கணும்னு நினைக்கிறார். சீனியர்ஸ் எல்லாம் "ஜூன் 5 உலக சுற்றுச்சூழல் தினத்துக்கு போஸ்டர் ஒட்டி நாலு மரக்கன்னு வைப்பீங்க, அதோட முடிஞ்சிரும்"னு சொல்றாங்களாம். நிஜமாவே மாணவர்களால ஏதாவது செய்ய முடியுமா, கேஸ் போட முடியுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கார். படிக்கிற காலத்துல இப்படி ஒரு குரூப்ல இருந்துட்டு இப்ப பிராக்டீஸ் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல, முடியும். மரம் நட ஆயிரம் பேர் இருக்காங்க, ஒரு ஃபேக்டரிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த கன்சென்ட் ஆர்டரை, அதாவது ஆலை இயங்குறதுக்கான அனுமதி உத்தரவை, முதல் பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் படிக்க ஆள் இல்ல. உங்க குரூப்போட இடம் அங்கதான் இருக்கு. காகிதம் படிக்கிறது, தேதி குறிச்சு வைக்கிறது, ஒரே இடத்த வருஷக்கணக்கா விடாம புடிச்சிருக்கிறது, இந்த மூணும்தான் வேலையே.

மாணவர் குரூப் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு ரெண்டு உதாரணம் சொல்றேன். 1971ல அமெரிக்காவுல ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டில சட்டம் படிச்சிட்டிருந்த அஞ்சு பேர் சேர்ந்து ஸ்கிராப்னு ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க. அங்க ரயில்வே கம்பெனிங்க சரக்குக் கட்டணத்து மேல 2.5 சதவீதம் கூடுதலா வசூலிக்கக் கேட்டாங்க. கட்டணம் ஏறினா ரீசைக்கிள் பண்ற பொருள அனுப்புற செலவு ஏறும், அப்ப கம்பெனிங்க புதுசா மரம் வெட்டுறதுக்கும் தாது தோண்டுறதுக்கும் போவாங்க, நாங்க போய்வர்ற காடும் ஆறும் கெடும், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை இல்லாம இத விடக்கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 1973ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் இவங்களுக்கு வழக்கு தொடர உரிமை இருக்குன்னு ஒத்துக்கிச்சு. 1975ல மெயின் விஷயத்துல தோத்துட்டாங்க, ஆனா யார் வழக்கு தொடரலாம்ங்கிற சட்டம் படிக்கிற எல்லாரும் இன்னிக்கும் அந்த தீர்ப்பப் படிச்சாகணும்.

இன்னொண்ணு நம்ம காலத்துது. 2019ல பசிபிக் தீவு நாடான வனுவாட்டுல, சவுத் பசிபிக் யுனிவர்சிட்டி சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை மாற்றத்துல நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை இருக்குன்னு சர்வதேச நீதிமன்றத்துகிட்டயே கருத்து கேட்கணும்னு கிளம்பினாங்க. தீவு நாட்டு அரசாங்கங்களுக்கு லெட்டர் எழுதினாங்க, வனுவாட்டு அரசாங்கம் அத எடுத்துக்கிச்சு, 2023 மார்ச் 29ல ஐநா பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாம ஒருமனதா தீர்மானம் போட்டுச்சு, 2024 டிசம்பர்ல ஹேக்ல விசாரணை, 2025 ஜூலை 23ல நீதிபதிகள் எல்லாரும் ஒருமித்து கருத்து சொன்னாங்க. ஆரம்பிச்சு ஆறு வருஷம். நடுவுல அந்த 27 பேர்ல பலர் படிப்ப முடிச்சிருப்பாங்க, ஆனாலும் குரூப் நிக்கல. இத எதுக்கு சொல்றேன்னா, நம்ம ஊர் குரூப்புங்க பெரும்பாலும் சாகுறது பணம் இல்லாமயோ அனுமதி இல்லாமயோ இல்ல, ஆரம்பிச்சவங்க ஃபைனல் இயர் முடிச்சுப் போறதாலதான். அதப் பத்தி கடைசியில வர்றேன்.

கேஸ் போட முடியுமான்னு கேட்டீங்க. மாணவரா இருக்கும்போது இன்னொருத்தருக்காக கோர்ட்ல நின்னு வாதாட முடியாது, அட்வகேட்ஸ் ஆக்ட்படி என்ரோல் ஆன வக்கீலுக்குத்தான் அந்த உரிமை. ஆனா உங்க சொந்தப் பேர்ல, பாதிக்கப்பட்ட ஆளா நீங்களே, சுற்றுச்சூழல் வழக்குகளுக்குன்னே இருக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010ம் வருஷ சட்டத்துல 18வது பிரிவு பாதிக்கப்பட்ட நபர் மட்டுமில்லாம அவங்க சார்பான அமைப்பும் மனு போடலாம்னு சொல்லுது, நேர்லயே ஆஜராகவும் செய்யலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு. நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு ஃபீஸ் 1,000 ரூபாய்தான்.

முடியும்ங்கிறதுக்காக உடனே போட்றாதீங்க. மாணவர்கள் வழுக்கி விழற ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு காலக்கெடு. அதே சட்டத்தோட 14வது பிரிவுல மனு போட, பிரச்சனை முதல்ல ஏற்பட்ட தேதியிலேர்ந்து ஆறு மாசம், தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள், அதுக்கு மேல தீர்ப்பாயமே நினைச்சாலும் எடுத்துக்க முடியாது. சுற்றுச்சூழல் அனுமதிய எதிர்த்து அப்பீல்னா 30 நாள், கூட 60 நாள். செமஸ்டர் எக்ஸாம் முடியட்டும்னு தள்ளிப்போட்டா அந்த விஷயம் அங்கேயே செத்துப்போச்சு. ரெண்டாவது, எந்த வாசல்ல போய் நிக்கிறோம்ங்கிறது. ஸ்டெர்லைட் விவகாரத்தையே எடுத்துக்குங்க. 2018 மே மாசம் நடந்த துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் இறந்தாங்க, அரசு ஆலைய மூடுச்சு, கம்பெனி பசுமைத் தீர்ப்பாயம் போய் டிசம்பர்ல திறக்கலாம்னு ஆர்டர் வாங்குச்சு. 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு, காரணம் தாமிரமோ கந்தக வாயுவோ இல்ல, தீர்ப்பாயத்துக்கு அந்த விஷயத்த விசாரிக்க அதிகார வரம்பு இல்லங்கிறதுதான். அப்புறம் கம்பெனி ஹைகோர்ட் போய் 2020 ஆகஸ்ட்ல தோத்து, 2024 பிப்ரவரி 29ல சுப்ரீம் கோர்ட்லயும் தோத்துச்சு. உங்க குரூப்போட முதல் மாச வாசிப்பா அந்த 2019 தீர்ப்ப வைங்க, எந்தச் சட்டத்துல எந்த ஆர்டருக்கு எங்க அப்பீல்னு ஒரு சார்ட்டே போட்டுடலாம்.

சரி, நிஜ வேலைக்கு வருவோம். ஒரு ஏரி, இல்ல ஒரு ஓடை, இல்ல ஒரு சிப்காட்டோட ஒரு மூலை, ஒண்ணே ஒண்ணு எடுங்க. "தமிழ்நாட்டின் நீர்நிலைகள்"னு எடுத்தீங்கன்னா ஒரு செமினாரோட போயிடும். காலேஜ்லேர்ந்து பஸ்ல போய்வர தூரத்துல இருக்கணும், அந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர் உங்ககிட்ட பேசத் தயாரா இருக்கணும், இது ரெண்டு இருந்தா போதும். அப்புறம் அந்த இடத்துக்கு ஒரு ஃபைல் ஓப்பன் பண்ணுங்க. சர்வே நம்பர், கிராம வரைபடம், கிராம நிலப் பதிவேடான ஏ ரெஜிஸ்டர்ல அது என்ன வகைப்பாடு, நீர்நிலைப் புறம்போக்கா, பட்டாவா, யாருக்காவது மாத்திக் கொடுத்திருக்காங்களா, கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்கள் வரிசையா, பக்கத்துல இருக்கிற ஆலைகளோட பேர். இதுக்கு மட்டுமே ரெண்டு மாசம் ஆகும், ஆகட்டும்.

இதுல ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்தி நிறைய பேருக்குத் தெரியாத சில விஷயம் இருக்கு. மனு குரூப் பேர்ல போடாதீங்க, தனிநபர் பேர்ல போடுங்க, ஏன்னா உரிமை குடிமகனுக்குத்தான். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், எதுக்குக் கேட்கிறீங்கன்னு காரணம் சொல்லவே வேண்டாம். 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் அப்பீல், அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா பதில் வராது, "இன்ன தேதியிலேர்ந்து இன்ன தேதி வரைக்கும் இன்ன ஆலைக்குக் கொடுத்த கன்சென்ட் ஆர்டர் நகல், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் நகல், அனுப்பின ஷோகாஸ் நோட்டீஸ் நகல்"னு ஆவணத்தோட பேரச் சொல்லிக் கேளுங்க. அதவிட முக்கியம், ஆர்டிஐ சட்டத்துல தகவல் உரிமைங்கிறது நகல் வாங்குறதோட நிக்கல, ஆபீஸ்ல போய் ஃபைலப் புரட்டிப் பாக்கலாம், பணிகளப் பார்வையிடலாம், பொருளோட மாதிரியும் கேட்டு வாங்கலாம், 2(ஜெ) பிரிவப் படிங்க. ஃபைல நேர்ல பாக்கும்போது அதிகாரிங்க குறிப்பு எழுதுற நோட் ஷீட்ல யார் என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியும், அது நகல் கேட்டா பல சமயம் வந்து சேராது.

கன்சென்ட் ஆர்டர் கைக்கு வந்ததும் உக்காந்து படிக்கிறதுதான் எனக்குப் புடிச்ச வேலை. அதுல ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் வரலாம், அத எங்க விடணும், புகைபோக்கி எவ்வளவு உயரம், ஆர்டர் எந்தத் தேதியில காலாவதியாகுது, எல்லாம் இருக்கும், கடைசியில ஸ்பெஷல் கண்டிஷன்ஸ்னு தனியா வரும், உயிரே அங்கதான். பெரிய புராஜெக்ட்னா சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகள எப்படிக் கடைபிடிக்கிறோம்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஜூன் 1லயும் டிசம்பர் 1லயும் கம்பெனி அறிக்கை கொடுத்தாகணும். அனுமதிக் கடிதத்த இடது பக்கம், அறிக்கைய வலது பக்கம் வச்சு நிபந்தனை நிபந்தனையா ஒப்பிட்டுப் பாருங்க. "கம்ப்ளைட்" (கடைபிடிச்சாச்சு)னு ஒத்த வார்த்தையில பதில் போட்டிருக்கிற இடத்த எல்லாம் ஹைலைட் பண்ணுங்க, அடுத்த ஆர்டிஐ அதுலேர்ந்துதான் பொறக்கும்.

அடுத்து, புராஜெக்ட்டுக்கு அனுமதி கொடுக்குறதுக்கு முன்னாடி ஊர்மக்கள்கிட்ட நடத்துற கருத்துக் கேட்புக் கூட்டம். மாணவர் குரூப் ரொம்பப் பிரயோஜனமா இருக்கக்கூடிய இடமும் இதான், ரொம்பத் தப்பா நடந்துக்கிற இடமும் இதான். 2006 செப்டம்பர் 14 இஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு) அறிவிக்கைப்படி கூட்டத்துக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னாடி நோட்டீஸ் வரணும், ஒரு தேசிய நாளிதழ்லயும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒண்ணுலயும். வரைவு அறிக்கையும் சுருக்கமும் கலெக்டர் ஆபீஸ்ல, மாவட்டத் தொழில் மையத்துல, இன்னும் சில இடத்துல வச்சிருக்கணும், சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். அந்த 30 நாள்தான் உங்களுக்கு. சில நூறு பக்க அறிக்கைய ஊர்க்காரங்க யாரும் முழுசாப் படிக்கப்போறதில்ல, நீங்க பத்து பேர் ஆளுக்கு ஒரு அத்தியாயம்னு எடுத்துட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்.

என்ன தேடணும்னு கேட்டா, முதல்ல சர்வே நம்பரும் நீர்நிலையும். கம்பெனி அனுமதி கேட்டுக் கொடுக்கிற விண்ணப்பமான ஃபார்ம் 1ல சுற்றுச்சூழல் உணர்திறன்னு ஒரு பகுதி வரும், 15 கிலோமீட்டருக்குள்ள நீர்நிலை, காடு, பாதுகாக்கப்பட்ட இடம், குடியிருப்பு என்னென்ன இருக்குன்னு எழுதியிருக்கணும். அத கிராம வரைபடத்தோட வச்சுப் பாருங்க. ஒரு தடவை நாங்க பாத்த ஒரு அறிக்கையில பக்கத்துல ஓடை எதுவும் இல்லன்னு எழுதியிருந்துச்சு, அதே அறிக்கையோட பின்னிணைப்புல இருந்த வரைபடத்துல அந்த ஓடை நீலக் கோடா புராஜெக்ட் எல்லைய ஒட்டியே ஓடிட்டிருந்துச்சு. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் அந்தப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய் கூட்டத்துல காட்டி, "இந்த ஓடையிலதான் எங்க ஏரிக்குத் தண்ணி வருது"ன்னு சொன்னார், அது பதிவாச்சு. ரெண்டாவது, காத்து, தண்ணி அளவீடு எடுத்த மாசம் எது, அந்த மாசத்துல அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஊர்க்காரங்ககிட்டயே கேளுங்க, அவங்க சொல்றத அறிக்கையோட ஒப்பிடுங்க. மூணாவது, வேற ஏதோ புராஜெக்ட் அறிக்கையிலேர்ந்து எடுத்து ஒட்டின பத்தி ஏதும் இருக்கா, அங்க இல்லாத மரத்தோட பேரும் பறவையோட பேரும் வந்திருந்தா அதுவே காட்டிக் கொடுத்துடும்.

தப்பா நடந்துக்கிறதுன்னு எதச் சொல்றேன்னா, மைக்கப் பிடுங்கிறது. கூட்டம் உள்ளூர்ல பாதிக்கப்படுற மக்களுக்கானது. வெளியில இருக்கிற, அக்கறை உள்ள மத்தவங்க எழுத்துல கருத்து கொடுக்கலாம்னு அறிவிக்கையே சொல்லுது, நீங்க அந்த வழியா போங்க, உங்க ஆட்சேபணைய எழுதி வாரியத்துக்கு அனுப்பி அத்தாட்சி வாங்கி வைங்க. நீங்க பேசினா "வெளியூர்ப் பசங்க வந்து தூண்டி விடுறாங்க"ன்னு ஒத்த வரியில முடிச்சிருவாங்க, அந்த ஊர் அம்மா பேசினா அப்படி முடிக்க முடியாது. உங்க வேலை அவங்ககூட முந்தின வாரமே உக்காந்து, அறிக்கையில என்ன இருக்குன்னு சொல்லி, அவங்க கேள்விய அவங்க வார்த்தையிலேயே எழுதிக்க உதவுறது. கூட்டம் முடிஞ்சதும் நடந்ததத் தொகுத்து உள்ளூர் மொழியில வாசிச்சுக் காட்டணும், வீடியோவும் எடுக்கணும், இது ரெண்டும் நடந்துச்சான்னு குறிச்சு வைங்க, பின்னாடி அனுமதிய எதிர்த்து அப்பீல் போற வக்கீலுக்கு அந்தக் குறிப்பு பெரிய ஆயுதம்.

தண்ணி சாம்பிள் பத்தி ஒரு வார்த்தை. ஆர்வக்கோளாறுல பாட்டில்ல புடிச்சுட்டு வந்து லேப்ல கொடுத்து ரிசல்ட்ட போஸ்ட் பண்ணிடுவாங்க. 1974 தண்ணீர்ச் சட்டத்துல 21வது பிரிவப் பாருங்க, வாரியமே எடுக்கிற மாதிரி கூட, நோட்டீஸ் கொடுத்து, மாதிரிய ரெண்டா பிரிச்சு, சீல் வச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்ங்கிற நடைமுறைய மீறினா அந்த ஆய்வு முடிவ வழக்குல சாட்சியமா எடுத்துக்க முடியாது. வாரியத்துக்கே அப்படின்னா உங்க பாட்டில் எங்க நிக்கும்னு யோசிங்க. அதுக்காக எடுக்க வேண்டாம்னு சொல்லல, உங்க ரிசல்ட்ட வச்சு "வாரியம் வந்து முறைப்படி மாதிரி எடுக்கணும்"னு மனு கொடுங்க, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட கொடுத்தா மனு நம்பர் கிடைக்கும், அது ஃபைல்ல ஒரு தேதி.

இன்னொரு பெரிய வேலை இருக்கு, யாரும் அத எடுத்துக்க மாட்டேங்கிறாங்க: ஏற்கனவே ஜெயிச்ச கேஸ்களப் பின்தொடர்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, தோல் பதனிடும் ஆலைகள் பாலாத்துல கழிவ விட்டதப் பத்தி 1991ல போட்டது, 1996 ஆகஸ்ட் 28ல நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு தீர்ப்பு கொடுத்துச்சு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தினவரே ஈடு கட்டணும்ங்கிறதும் நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு சொன்ன தீர்ப்பு அதுதான். எக்ஸாமுக்கு எல்லாரும் இதோட நிறுத்திக்கிறோம். ஆனா 2025 ஜனவரி 30லயும் சுப்ரீம் கோர்ட் அதே பாலாறு, அதே தோல் ஆலைகளுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்துச்சு, கமிட்டி அமைக்கச் சொல்லி வழக்க மூடாம கண்காணிப்புல வச்சுது. நடுவுல போன அந்த வருஷங்கள்ல யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு போச்சு, எந்த நிலம் இன்னும் உப்பு பூத்துக் கிடக்குதுன்னு ஊர் ஊரா உக்காந்து எழுதி வச்சிருந்தா அதோட மதிப்பே வேற. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துலேர்ந்து சட்டம் படிக்க வர்ற பசங்க எத்தனை பேர். உங்க மாவட்டத்துலயும் இப்படி அமலாகாம கிடக்கிற தீர்ப்பாய உத்தரவு ஒண்ணாவது இருக்கும், "கூட்டுக் குழு மூணு மாசத்துல அறிக்கை தரணும்"ங்கிற மாதிரி வரி தேடுங்க, அந்த அறிக்கை வந்துச்சான்னு கேளுங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் கண்டிப்பாத்தான் சொல்வேன். மணல், கல்குவாரி, கிரஷர் சம்பந்தப்பட்ட இடத்துக்குத் தனியாவோ ராத்திரியிலயோ போகாதீங்க, வேலி தாண்டி உள்ள போகாதீங்க, ரோட்டுலேர்ந்தும் கூகுள் எர்த்லேர்ந்தும் கிடைக்கிறதே நிறைய. தகவல் கொடுத்த ஊர்க்காரர் பேர், போட்டோ, போன் நம்பர் எதுவும் வாட்ஸ்அப் குரூப்ல வரக்கூடாது, நீங்க சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பிடுவீங்க, அவர் அங்கதான் குடியிருக்கணும். யார்கிட்டயும் காசு வாங்காதீங்க. "நாங்க ஆலைய மூட வச்சிருவோம்"னு ஒருத்தர்கிட்டயும் வாக்கு கொடுக்காதீங்க, அங்க வேலை பாக்குறவங்க குடும்பமும் அதே தெருவுலதான் இருக்கும், அவங்ககிட்டயும் போய்ப் பேசுங்க, உள்ள என்ன நடக்குதுன்னு அவங்க அளவுக்கு யாருக்கும் தெரியாது.

காலேஜ் அனுமதிக்கு சுலபமான வழி லீகல் எய்ட் கிளினிக், அதாவது காலேஜோட சட்ட உதவி மையம். பார் கவுன்சிலோட 2008 விதிகள்படி ஒவ்வொரு சட்டக்கல்லூரியும் சீனியர் பேராசிரியர் ஒருத்தர் மேற்பார்வையில அத நடத்தியாகணும், சுற்றுச்சூழல் சட்டமும் கட்டாயப் பேப்பர்தான். அதனால புதுசா சங்கம் பதிவு பண்றதுக்கு அலையாம, கிளினிக்குக்குக் கீழ ஒரு பிரிவுன்னு எழுதிக் கேளுங்க, மறுக்கிறது கஷ்டம். பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருத்தரும், தீர்ப்பாயத்துல பிராக்டீஸ் பண்ற வக்கீல் ஒருத்தரும் கூட இருந்தா போதும், தலைவர் செயலாளர் பதவிக்கு எலெக்ஷன் எல்லாம் முதல் வருஷம் வேண்டவே வேண்டாம்.

இப்ப கடைசியில வர்றேன்னு சொன்ன விஷயம், கைமாத்தி விடுறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தேதிப் பட்டியல் வைங்க, என்ன நடந்துச்சு, எந்த ஆவணம், எங்க இருக்கு, அடுத்த கெடு என்னிக்கு, யார் பொறுப்பு. அத ஒரு தனியாளோட மெயில்ல வைக்காம குரூப்புக்குன்னு பொதுவா ஒரு டிரைவ்ல வைங்க, ஒரிஜினல் ஆர்டிஐ பதில்கள் கிளினிக் அலமாரியில இருக்கட்டும். முதல் வருஷ மாணவர் ரெண்டு பேராவது ஒவ்வொரு ஃபைல்லயும் இருக்கணும், ஃபைனல் இயர் ஆளு பொறுப்புல இருக்கவே கூடாது, ஆலோசனை மட்டும் சொல்லட்டும். சட்டக் குறிப்புகளையும் வருஷா வருஷம் திருத்தணும், ஏன்னா இந்தத் துறை அவ்வளவு வேகமா மாறுது. முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்காம கட்டிட்டு அப்புறமா அனுமதி கேக்குறது செல்லாதுன்னு 2025 மே 16ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதே வருஷம் நவம்பர் 18ல மூணு நீதிபதி அமர்வு ரெண்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல அந்தத் தீர்ப்பத் திரும்ப வாங்கிடுச்சு. மே மாச நோட்ஸ வச்சுட்டு டிசம்பர்ல மனு எழுதினா என்ன ஆகும்னு பாத்துக்குங்க.

ஆரம்பிக்க நாலு பேர் போதும். இந்த வாரம் இடத்த முடிவு பண்ணுங்க, அடுத்த வாரம் போய்ப் பாத்துட்டு வாங்க, மாசம் முடியறதுக்குள்ள முதல் ஆர்டிஐ ரெஜிஸ்டர் தபால்ல போயிருக்கணும். கேள்விகள எப்படி எழுதறதுன்னு சந்தேகம் இருந்தா, இடத்தோட பேரச் சொல்லாம வரைவ மட்டும் இங்க கீழ போடுங்க, நான் பாத்துத் திருத்தித் தர்றேன்.